யந்திரம் அங்கே, விரல் இங்கே

வீட்டு மேஜையின் மேல் ஒரு கணினியை விட்டுவிட்டு, வெளியூர் லாட்ஜின் அறையிலோ உறவினர் வீட்டுத் திண்ணையிலோ மடிக்கணினியைத் திறந்துவைத்து, வீட்டுக் கணினியின் திரையையே இங்கே வரவழைத்து, அதிலுள்ள கோப்புகளைப் புரட்டி வேலை செய்வது, இந்நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அதிசயமாகத் தோன்றாத காரியம். அப்படிச் செய்கிறவர்களில் பெரும்பாலோர், இது இன்டர்நெட் வந்து வெகுகாலத்துக்குப் பிறகு ஏற்பட்ட சௌகரியம் என்றே எண்ணியிருக்கிறார்கள். சரித்திரத்தைப் புரட்டினால் விஷயம் தலைகீழாக இருக்கிறது. யந்திரம் ஓர் அறையிலும் அதை ஏவுகிறவர் வேறோர் அறையிலுமாக இருந்த ஏற்பாடுதான் முந்தியது. ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு கணினியை வாங்கி, அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது பிந்தியது.

நியூயார்க் நகரத்தில் பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்தில் உத்தியோகம் பார்த்துவந்த ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்ற கணித அறிஞர், 1937-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், டெலிபோன் இணைப்புக்கு உதவும் ரிலேக்களில் கழித்துப் போட்டவை சிலவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று, புகையிலை டப்பாவை வெட்டிய தகரத் துண்டுகளை ஸ்விட்சுகளாக்கி, டார்ச் விளக்கின் பல்புகளையும் பாட்டரிகளையும் சேர்த்து, சமையலறை மேஜையிலேயே இரும எண்களைக் கூட்டும் சிறு கருவி ஒன்றைச் செய்து முடித்தார். 'கிச்சன்' என்பதன் முதலெழுத்தைக் கொண்டு அதற்கு 'மாடல் கே' என்று அவருடைய மனைவி பெயர் சூட்டினார். சமைத்தல் என்ற சொல்லுக்குப் படைத்தல் என்றும் பொருள் கொண்ட நம் முன்னோர் இந்தச் சம்பவத்தைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

அந்நாளில் கம்ப்யூட்டர் என்ற சொல் யந்திரத்தைக் குறிக்கவில்லை. மேஜைக் கணக்குக் கருவியை வைத்துக்கொண்டு நாள் முழுதும் பெருக்கியும் வகுத்தும் கொண்டிருந்த மனிதரைக் குறித்தது. அவர்களில் அநேகர் பெண்கள். டெலிபோன் தந்திகளுக்கான சாதனங்களை அமைப்பதற்குக் கலப்பெண்களைக் கொண்டு முடிவில்லாமல் கணக்குப் போடவேண்டியிருந்தது. அந்தப் பாரத்தைக் குறைப்பதற்காக ஸ்டிபிட்ஸும், சாமுவேல் வில்லியம்ஸ் என்ற எஞ்சினியரும் சேர்ந்து, சுமார் 450 ரிலேக்களைக் கொண்ட கலப்பெண் கணிப்பான் ஒன்றை நிர்மாணித்தார்கள். 1940-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் தேதி அது வேலை செய்யத் தொடங்கியது. இங்கே கவனிக்கவேண்டிய விஷயம், அந்த யந்திரம் கட்டடத்தில் எவரும் அதிகம் எட்டிப் பார்க்காத ஓர் அறையில் வைக்கப்பட்டிருக்க, கணக்குப் போடுகிறவர்கள் வேறு இடங்களில் இருந்த மூன்று டெலிடைப் தட்டச்சுக் கருவிகளின் வழியாகவே அதனோடு பேசினார்கள் என்பது. ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசலாம், மற்றவர் காத்திருக்கவேண்டும். இவ்வாறு, தொலைவிலிருந்து ஏவப்படுதல் என்பது அந்த யந்திரத்துக்குப் பிறவியிலேயே வாய்த்த குணமாக இருந்தது. கம்பியின் இந்த நுனியில் பேசினால் அந்த நுனியில் கேட்கும் என்பதையே அன்றாடத் தொழிலாகக் கொண்ட டெலிபோன் கம்பெனியில் பிறந்த குழந்தைக்கு வேறெந்தக் குணம் வாய்க்கும்?

அதே ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி, நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து ஹானோவர் என்னும் சிற்றூரில், டார்ட்மவுத் கல்லூரியில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தார் கூடியிருந்தபோது, ஸ்டிபிட்ஸ் தமது யந்திரத்தைப் பற்றி உபந்நியாசம் செய்தார். யந்திரமோ நியூயார்க்கில், முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அதைப் பெயர்த்துக் கொண்டுவருவதற்குப் பதிலாக, சபையில் ஒரு டெலிடைப் கருவியை வைத்து, அதைத் தந்திக் கம்பியால் நியூயார்க்கோடு இணைத்திருந்தார்கள். எண்களை இங்கே தட்டினால், அவை கம்பியில் ஓடி, அங்கே ரிலேக்கள் படபடத்து, விடை திரும்பிவந்து இங்கே காகிதத்தில் அச்சாகும். உபந்நியாசம் முடிந்ததும் சபையோரும் தட்டிப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். தட்டிப் பார்த்தவர்களில் கணித மேதை நார்பர்ட் வீனரும், பின்னால் எனியாக் என்ற பிரம்மாண்டமான யந்திரத்தை அமைத்தவர்களில் ஒருவரான ஜான் மாக்லியும் இருந்தார்கள். கணினியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இந்தச் சம்பவத்தில் ரிலேயையும் இரும எண்ணையும் புகழ்ந்துவிட்டு மேலே போய்விடுகிறார்கள். அந்தக் கம்பியைப் பற்றி நின்று பேசுகிறவர் குறைவு. என் அபிப்பிராயத்தில் அன்று நடந்த பெரிய காரியம் கம்பியில்தான் நடந்தது.

அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த யோசனை உறங்கிவிட்டது என்றே சொல்லலாம். கணினிகள் பெருத்தன, விலை பெருத்தது, குளிரூட்டிய மண்டபங்களில் அவை எழுந்தருளின. துளையிட்ட அட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர்கள் வரிசையில் நின்றார்கள். கர்ப்பகிருகத்துக்கு வெளியே நின்று அர்ச்சனைத் தட்டைக் குருக்களிடம் கொடுப்பதுபோல் அட்டைகளை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, பிரசாதத்தை மறுநாள் வந்து பெற்றுக்கொள்ளவேண்டும். நடுவில் ஓர் அட்டை தவறாகத் துளைக்கப்பட்டிருந்தால் பிரசாதமும் கிடையாது, இன்னொரு நாள் காத்திருக்கவேண்டியதுதான். இந்த அவதியைப் போக்கும்பொருட்டு, ஒரே கணினியின் நேரத்தைக் கண்ணிமைக்கும் பொழுதுகளாகத் துண்டாக்கிப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்று ஜான் மெக்கார்த்தி 1959-இல் எம்.ஐ.டி.யில் ஒரு குறிப்பு எழுதினார். 1961 நவம்பரில் பெர்னாண்டோ கொர்பாட்டோவும் அவரைச் சேர்ந்தவர்களும் அதை அங்கேயே செய்து காட்டினார்கள். பலர் ஒரு யந்திரத்துக்குள் நுழையலாம் என்றான பிறகு, நுழைகிறவர் யார் என்று கேட்கவேண்டிய அவசியம் வந்தது. பாஸ்வேர்டு என்னும் கடவுச்சொல் கணினிக்குள் புகுந்தது இந்த வழியாகத்தான். புகுந்த சுருக்கிலேயே, 1962-இல், தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டுத் தரும்படி அந்த யந்திரத்துக்கு அட்டையில் உத்தரவு எழுதிப் போட்டார். யந்திரமும் பணிவோடு அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. பூட்டும் திருட்டும் இரட்டைப் பிள்ளைகள் என்று கிராமத்தில் சொன்னால் நாம் சிரிப்போம்.

ஸ்டிபிட்ஸ் பேசிய அதே டார்ட்மவுத் கல்லூரியில், 1964-ஆம் ஆண்டு மே முதல் தேதி விடியற்காலை 4 மணிக்கு, ஜான் கெமெனியும் தாமஸ் குர்ட்ஸும் அமைத்த நேரப் பங்கீட்டு முறை உயிர்பெற்றது. பேஸிக் என்ற எளிய கணினி மொழி அன்றுதான் பிறந்தது. இலக்கியம் படிக்கும் மாணவன்கூட ஒரு டெலிடைப்பின் முன் உட்கார்ந்து, எங்கோ இருக்கும் கணினியோடு பேசலாம் என்ற நிலையை அவ்விருவரும் உண்டாக்கினார்கள். அதே 1964-இல் ஸ்டிபிட்ஸும் அந்தக் கல்லூரிக்கே பணியாற்ற வந்து சேர்ந்தார் என்பது, கதை எழுதுகிறவன் கற்பனை செய்தால் மிகை என்று நாம் குறைசொல்லக்கூடிய பொருத்தம்.

வீட்டு டெலிபோனைக் கொண்டே கணினியை எட்டலாமே என்ற ஆசை இதன் அடுத்த படி. அதற்கு ஒரு விசித்திரமான தடை குறுக்கே நின்றது. அமெரிக்காவில் டெலிபோன் கம்பிகளை ஏகபோகமாக ஆண்ட கம்பெனி, தான் கொடுத்த கருவியைத் தவிர வேறெதையும் தன் கம்பியில் இணைக்கக்கூடாது என்று விதி வைத்திருந்தது. கம்பியைத் தொடக்கூடாதென்றால் காதில் பாடிவிடுவோம் என்று புறப்பட்டவர்கள், டெலிபோன் ரிசீவரை அப்படியே கவிழ்த்து வைக்கும் இரண்டு ரப்பர்க் கிண்ணங்களைச் செய்து, கணினியின் எண்களை விஸில் ஒலிகளாக்கி அந்த ரிசீவருக்குள் ஊதினார்கள். 1968-இல் கார்ட்டர்போன் வழக்கில் வந்த தீர்ப்பு அந்த விதியைத் தளர்த்தியது. கணினியைக் கம்பியில் கட்டி முதன்முதலில் உலகுக்குக் காட்டிய ஆராய்ச்சிக்கூடமும், அந்தக் கம்பியை எவரும் தொடக்கூடாது என்று தடுத்த கம்பெனியும் ஒரே குடும்பம்தான்.

1966-இல் அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த பாப் டெய்லரின் அலுவலகத்தில் மூன்று டெர்மினல்கள் இருந்தன. ஒன்று கேம்பிரிட்ஜ் நகரத்து எம்.ஐ.டி.க்கு, ஒன்று பெர்க்லிக்கு, ஒன்று சான்டா மோனிகாவுக்கு. மூன்று ஊர் யந்திரங்களோடு பேச மூன்று நாற்காலிகள், மூன்று பாஷைகள். ஒரே நாற்காலியிலிருந்து மூன்றையும் எட்டினால் என்ன என்ற அவருடைய சலிப்பிலிருந்து கிளைத்ததுதான் ஆர்ப்பாநெட், இன்டர்நெட்டின் தாய். அந்தத் தாயின் முதற் சொல் என்ன என்று தெரிந்துகொள்வது நம் விஷயத்துக்கு மிகவும் அவசியம். 1969 அக்டோபர் 29-ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு, லாஸ் ஏஞ்சல்ஸ் சர்வகலாசாலையில் சார்லி க்ளைன் என்ற மாணவர், வடக்கே மென்லோ பார்க்கிலிருந்த ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தின் கணினிக்குள் நுழைவதற்காக 'லாகின்' என்ற சொல்லைத் தட்டத் தொடங்கினார். அங்கே பில் டுவால் டெலிபோனில் காத்திருந்தார். முதலெழுத்து 'எல்' போயிற்று, வந்துவிட்டது என்றார். 'ஓ' போயிற்று, அதுவும் வந்தது. மூன்றாவது எழுத்தைத் தட்டியதும் அங்கிருந்த யந்திரம் நின்றுபோயிற்று. கோளாற்றைச் சரிசெய்து, சுமார் ஒரு மணி நேரம் கழித்தே முழுவதும் நுழைய முடிந்தது. கடிதம் அனுப்பவோ சேதி சொல்லவோ அல்ல, தூரத்திலிருக்கும் ஒரு கணினிக்குள் புகுந்து வேலை செய்வதற்காகவே அந்த வலை முதன்முதலில் அதிர்ந்தது. மற்ற பிரயோகங்களெல்லாம் பின்னால் வந்த விருந்தாளிகள்.

இதுவரை சொன்ன கதையில் தூரத்துக் கணினி எப்போதும் பிறருடையது. சர்க்காருடையது, கல்லூரியுடையது, கம்பெனியுடையது. விலை கொடுத்து வாங்க முடியாததை எட்டித் தொடுவதற்காகவே கம்பி வேண்டியிருந்தது. 1980-களில் சொந்தக் கணினிகள் மேஜைக்கு மேஜை வந்து குவிந்தபோது, இனிமேல் தொலைவிலிருந்து தொடுவதற்கு என்ன தேவை என்று ஒருவர் நினைத்திருந்தால் அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் சொந்தமாக ஒன்று வந்தவுடனே, அதை விட்டுப் பிரிகிற துன்பமும் கூடவே வந்துவிட்டது. அலுவலகத்தில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு பிரதி. எது புதியது என்று தெரியாது. வேண்டிய கோப்பு எப்போதும் மற்ற இடத்தில்தான் இருக்கும். 1986 வாக்கில் பிசி எனிவேர் போன்ற மென்பொருள்கள் மோடம் வழியாக இந்தப் பிரிவாற்றாமைக்கு மருந்து போட முயன்றன. திரை முழுவதும் எழுத்துகளாக இருந்தவரையில் மருந்து பலித்தது. ஜன்னல்களும் படங்களுமாகத் திரை மாறியபோது அந்த மெல்லிய டெலிபோன் கம்பிக்கு மூச்சு முட்டியது.

படத்திரையைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் கலை பக்குவப்பட்ட இடங்களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் முக்கியமானது. 1991-இல் அங்கே சர்வகலாசாலைக் கணினிக்கூடத்தில், டிரோஜன் அறை என்ற அறைக்கு வெளியே ஒரே ஒரு காபிப் பாத்திரம் இருந்தது. மாடி இறங்கி வந்து பார்த்தால் பாத்திரம் காலி. க்வென்டின் ஸ்டாபர்டு பிரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் ஒரு காமிராவைப் பாத்திரத்தின் எதிரே பொருத்தி, அதன் சிறிய கறுப்பு வெள்ளைப் படத்தை எல்லோருடைய திரையிலும் ஒரு மூலையில் தெரியும்படி செய்தார்கள். (கும்பகோணத்தில் இதற்குக் காமிரா வேண்டியதில்லை, மூக்கு போதும்.) அதே ஊரில் ஒலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்தில், ஆண்டி ஹாப்பரின் தலைமையில் இதைவிட ஆழமான ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு மின்னணு வில்லை, அதை அணிந்தவர் எந்த அறையில் இருக்கிறார் என்பதைக் கட்டடத்துக்குத் தெரிவிக்கும். அவர் வில்லையின் பொத்தானை அழுத்தினால், அவருடைய திரை அவர் நிற்கும் அறையிலுள்ள கணினிக்கு வந்துசேரும். மனிதன் திரையைத் தேடிப்போகாமல், திரை மனிதனை நாய்க்குட்டிபோலப் பின்தொடர்ந்தது.

இந்தப் பரிசோதனைகளின் கனியாக ட்ரிஸ்டன் ரிச்சர்ட்சன், ஸ்டாபர்டு பிரேசர், கென்னத் வுட், ஹாப்பர் ஆகியோர் 1998-இல் உலகுக்கு இலவசமாகக் கொடுத்த சாதனம் வி.என்.சி. அதன் சூட்சுமம் ஒரு வாக்கியத்தில் அடங்கும்: திரையில் இன்ன இடத்தில் இன்ன அளவுள்ள செவ்வகத்தில் இந்தப் புள்ளிகளைப் போடு. அவ்வளவுதான். தூரத்துக் கணினியில் எந்த மென்பொருள் ஓடுகிறது, அந்தச் செவ்வகத்தில் இருப்பது எழுத்தா படமா என்பதைப் பற்றி இந்தப் பக்கத்துக் கணினி கவலைப்படவேண்டியதில்லை. மாறிய செவ்வகங்கள் மட்டும் வரும், விரலின் அசைவுகள் மட்டும் போகும். நினைவெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் என்பதால், பாதி வாக்கியத்தில் இணைப்பை அறுத்துவிட்டு வேறோர் ஊருக்குப் போய் மறுபடி இணைத்தாலும், கர்ஸர் விட்ட எழுத்திலேயே கண்சிமிட்டிக் காத்திருக்கும். எளிமைக்கு இதைவிடச் சிறந்த உதாரணத்தை இந்தத் துறையில் நான் கண்டதில்லை. அந்த ஆராய்ச்சிக்கூடம் கைமாறி, 2002-இல் மூடப்பட்டது; அதிலிருந்தவர்கள் சிலர் சேர்ந்து ரியல் வி.என்.சி. என்ற கம்பெனியைத் தொடங்கி அந்த விளக்கை அணையாமல் காத்தார்கள். விண்டோஸ் எக்ஸ்.பி.யில் 2001 முதல் மைக்ரோஸாப்ட் தனது சொந்த முறையைச் சேர்த்தது. ஆனால் பிறர் வந்து நுழையத்தக்க வாயிலை அதிக விலையுள்ள புரொபஷனல் பதிப்பில் மட்டும் வைத்தது. வீட்டுக்கென்றே பெயரிட்டு விற்ற ஹோம் பதிப்புக்கு அந்த வாயில் இல்லை.

வாயில் என்றதும் பூட்டைப் பற்றிப் பேசவேண்டும். டெல்நெட் என்ற பழைய முறையில், தூரத்துக் கணினிக்கு அனுப்பும் கடவுச்சொல் திறந்த தபால் கார்டில் எழுதியதுபோலவே சென்றது. வழியில் நிற்கிறவன் படித்துக்கொள்ளலாம். 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பச் சர்வகலாசாலையில் ஒருவன் வழியில் நின்று ஆயிரக்கணக்கான கடவுச்சொற்களைப் படித்துவிட்டான். அங்கிருந்த டாட்டு ய்லோனென் என்ற இளைஞர் தம் சொந்தப் பாதுகாப்புக்காக எழுதிய மென்பொருளே எஸ்.எஸ்.எச். இதன் ஆதாரத் தத்துவத்தைத் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு எளிதில் விளக்கிவிடலாம்: திறந்த பூட்டை ஊரெல்லாம் கொடுக்கலாம், அமுக்கிப் பூட்டுவது எவராலும் ஆகும், திறப்பது சாவி வைத்திருப்பவர் ஒருவரால்தான் ஆகும். பழைய கோப்பு மாற்று முறைக்கு 21 என்றும் டெல்நெட்டுக்கு 23 என்றும் வாயில் எண்கள் இருந்தன. நடுவில் 22 காலியாகக் கிடந்தது. அதைத் தமக்குக் கொடுக்கும்படி எண்களை நிர்வகித்தவர்களுக்கு ய்லோனென் எழுதினார். மறுநாளே ஜாய்ஸ் ரேனால்ட்ஸ் என்ற அம்மையார் கொடுத்துவிட்டதாகப் பதில் எழுதினார். குடும்ப அட்டையில் ஒரு பெயரைச் சேர்க்க அலைந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடலாம்.

பூட்டு வந்தது, ஆனால் அதற்குள் வீட்டின் விலாசமே காணாமற் போயிற்று. இன்டர்நெட்டின் முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி. அவை போதமாட்டா என்று 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகவே ஒரு வீட்டுக்கு வெளியே ஒரு முகவரி, உள்ளே இருக்கும் கருவிகளுக்கெல்லாம் வெளியுலகுக்குத் தெரியாத செல்லப்பெயர்கள் என்ற ஏற்பாடு 1994-இல் எழுத்துருவம் பெற்றது. சென்னையில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி: பத்துக் குடும்பங்களுக்கு ஒரே கதவிலக்கம், உள்ளேயிருந்து யாரும் தெருவுக்குப் போகலாம், தெருவிலிருந்து வருகிறவனுக்கு மட்டும் யாரைக் கேட்பது என்று தெரியாது. வீட்டு ரூட்டர் என்பது அந்த வாசற்படியில் நிற்கும் வீட்டுக்காரர். இன்னார் கேட்டால் இன்ன குடித்தனத்துக்கு அனுப்பு என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்; ஆனால் அப்படித் திறந்துவிட்ட கதவைத் திருடர்களும் தட்டிப் பார்க்கிறார்கள். 2019-இல் விண்டோஸின் தொலைநுழைவு வாயிலில் ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டபோது, என்றோ கைவிட்ட எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோஸாப்ட் ஒட்டுப் போடவேண்டிவந்தது. இன்னொரு வழியும் உண்டு. குடித்தனக்காரர் தாமே தபாலாபீஸுக்குப் போய்த் தமக்குக் கடிதம் உண்டா என்று கேட்டுக்கொண்டு நிற்பதுபோல, வீட்டுக் கணினி வெளியே உள்ள ஒரு பொது இடத்தோடு ஓயாமல் தொடர்பு வைத்திருக்க, மடிக்கணினியும் அங்கே வந்து சேர, இரண்டையும் அந்த நடுவர் கோத்துவிடுகிறார். ஜெர்மனியில் 2005-இல் தோன்றிய டீம்வியூவர் முதலியவை பிரசித்தமானது இந்த உபாயத்தால்தான். சௌகரியம் பெரிது, ஆனால் நடுவரை நம்பவேண்டும்.

தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் இரவு வேளையில் விழித்திருந்து, கடலுக்கு அப்பாலுள்ள கணினிகளைத் தம் விரல் நுனியில் இயக்கும் நம் பிள்ளைகளின் பிழைப்பு இந்தச் சரித்திரத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அவர்களே அதிகம் யோசிப்பதில்லை. யோசிக்க நேரமும் இல்லை.

திருமூலர் தம் உடலை மறைவான இடத்தில் வைத்துவிட்டு, சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனின் உடலில் புகுந்து பசுக்களின் துயரத்தைத் தீர்த்த கதையை நாம் அறிவோம். திரும்பி வந்து பார்த்தால் வைத்த உடலைக் காணோம். வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியை எட்ட முயன்று, பெருக்க வந்தவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்துகொண்ட ஒவ்வொருவரும் அந்தச் சித்தரின் திகைப்பில் ஓர் அணுப் பங்கை அனுபவித்தவர்களே. பிளக் செருகியிருந்து, கணினி வெறுமனே உறங்கினால் மட்டும் ஒரு பரிகாரம் உண்டு. 1995-இல் ஏ.எம்.டி. கம்பெனியார் வகுத்த முறை அது. உறங்கும் கணினியின் வலைச் சாதனத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது தன் பெயர் காதில் விழுகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடக்கும். எழுப்ப விரும்புகிறவர் 102 பைட் நீளமுள்ள ஒரு சிறு செய்தி அனுப்பவேண்டும்: முதலில் ஆறு பைட்டுகள் கவன ஈர்ப்புக்கு, பிறகு அந்தச் சாதனத்தின் பெயர், இடைவிடாமல் பதினாறு முறை. கும்பகர்ணனை எழுப்ப இவ்வளவு சுலபமான வழி இருந்திருந்தால் லங்கையில் அத்தனை பேரிகைகள் தேவைப்பட்டிரா.

சென்ற ஆண்டு கோயம்புத்தூருக்குப் போயிருந்தபோது, இந்தப் பதினாறு முறை அழைப்பை முதன்முதலாகப் பரீட்சை செய்து பார்த்தேன். இரவு 2 மணி. என் பழைய கணினி விழித்துக்கொண்டது. வேண்டிய கோப்பை எடுத்துக்கொண்டு அதைத் திரும்பவும் உறங்கவைத்தேன். காலையில் வீட்டிலிருந்து டெலிபோன் வந்தது. ஆளில்லாத அறையில் விசிறி சுற்றும் சப்தம் கேட்டு எழுந்து, கதவிடுக்கில் திரையின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்ட என் தாயார், வேறொன்றும் விசாரிக்காமல், "ராத்திரி நீ வந்துட்டுப் போனியாப்பா?" என்று கேட்டார்.